மூச்சை அடக்கக் கூடாது

பிப்ரவரியில் பிரபாவுக்கு எட்டு நாள் விடுப்பு கிடைத்தது. படூரில் தோழிகளோடு தங்கி அங்கேயே ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்த்துவந்தாள். ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு வீட்டுக்கு வந்தவள், சாப்பாட்டின் நடுவே, "இந்தத் தடவ மூணு பேரும் எங்கனா போலாம். எங்கன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

ஊட்டி, கொடைக்கானல் என்று ஏதாவது வரும் என்று நினைத்திருந்தாள். அப்பா கலைவாணன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"தண்ணி தெளிவா கீற எடம் எதுனா கீதா?"

"தெளிவான்னா?"

"உள்ள பூந்து கண்ணத் தொறந்தா எதிர்ல கீறது தெரியணும்."

கலைவாணனுக்கு நாற்பத்தெட்டு வயது. செங்கல்பட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் எந்தக் கிணற்றில் மோட்டார் விழுந்தாலும் அவருக்குத்தான் போன் வரும். ஒரே மூச்சில் அடிவரைக்கும் போய், விழுந்ததைத் தேடிக் கயிறு கட்டிவிட்டு மேலே வருவார். இருபத்தாறு வருடமாக இதுதான் வேலை. ஆனால் தண்ணீருக்கடியில் அவர் எதையும் பார்த்ததே இல்லை. சேறு கலங்கிவிடும் என்பதால் கண்ணை மூடிக்கொண்டுதான் இறங்குவார். விரல் பட்டதுமே இது மோட்டார், இது உடைந்த படி, இது எவர் வீட்டுக் குடமோ என்று கை சொல்லிவிடும்.

"மகாபலிபுரத்துல கூட எறங்கிப் பாத்துட்டேன். மணலு கலங்கிக்கினேதான் கீது" என்றார்.

மனைவி எல்லம்மாளுக்கு இதில் ஆர்வமில்லை. மறைமலைநகர்ப் பக்கம் கார்களுக்கு வயர் கோக்கும் கம்பெனியில் நாளெல்லாம் நின்றே வேலை செய்பவள். "தண்ணிக்குள்ள இன்னா பாக்கறது? மரம், பறவ, ஒக்கார ஒரு பெஞ்சு. எனக்கு அது போதும்" என்றாள்.

பிரபா அந்தமானைத் தேடிப் பிடித்தாள். ஹாவ்லாக் தீவில் பயிற்சியாளர் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் கடலடியைக் காட்டுவார்கள். அலையாத்திக் காடு இருந்தது, பறவைகள் இருந்தன. அப்பாவுக்கு ஒரு வீடியோவைக் காட்டினாள். மஞ்சள் மீன்கள் கூட்டமாகத் திரும்பின. அவர் மீனைப் பார்க்கவில்லை. படத்தை நிறுத்தச் சொல்லி, முக்குளிப்பவனின் கையையே பார்த்தார்.

"இவன் எதையுமே தொடலியே."

"தொடக் கூடாது நைனா. தொட்டா பவளம் செத்துடுமாம்."

"தொடாம எப்பிடித் தெரியும், எது இன்னாதுன்னு?"

அடுத்த மூன்று வாரமும் வீட்டில் இதே பேச்சுதான். பிரபா பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எட்டு நாளுக்கும் கட்டம் போட்டாள். கடலுக்குள் இறங்குவதை அவள் கடைசி நாளுக்கு வைத்திருந்தாள். பிறகுதான், இறங்கி ஒரு நாளாவது கழியாமல் விமானம் ஏறக் கூடாது என்று படித்துவிட்டு இரண்டாம் நாளுக்கு மாற்றினாள். ஏன் கூடாது என்று கலைவாணன் கேட்டார். ஆழத்தில் ரத்தத்தில் கரைகிற காற்று, சோடா மூடியைத் திறந்த மாதிரி உயரத்தில் பொங்கும் என்று அவள் விளக்கினாள். "கெணத்துல பொங்கலியே" என்றார். நீ உள்ளே மூச்சு விடுவதில்லையே என்றாள். அவர் அதைப் பற்றி வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தீவில் கடல் உள்வாங்கும் நேரத்தில் பவளப்பாறை ஓரமாக நடந்து பார்க்கலாம் என்றதும், எத்தனை மணிக்கு உள்வாங்கும், தினமும் ஏன் நேரம் மாறுகிறது என்று ஆரம்பித்தார். எல்லம்மாள் எழுந்து துணி மடிக்கப் போய்விட்டாள்.

கிளம்புவதற்கு முன் ஒருமுறை குளத்தில் பழகிக்கொள்வது நல்லது என்று யாரோ சொல்ல, முட்டுக்காட்டில் நீச்சல்குளம் வைத்து முக்குளிக்கச் சொல்லித்தரும் ஜெனிட்டாவிடம் மூவரும் போனார்கள். ஜெனிட்டாவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கலைவாணனின் தொழிலைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எவ்ளோ நேரம் மூச்சு புடிப்பீங்க?"

"ரெண்டு நிமிசம். தம் கட்டுனா ரெண்டே முக்கால்."

"இங்க அதை மறக்கணும். மொத ரூலே அதான். மூச்சை அடக்கக் கூடாது. முதுகுல கட்டுற டாங்க்ல இருந்து இழுத்த காத்தை அடக்கிட்டு மேல வந்தா, அது விரிஞ்சு நுரையீரலைக் கிழிச்சிடும்."

கலைவாணன் மகளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். தண்ணீருக்குள் மூச்சு விடுவது அவருக்கு, நடந்துகொண்டே தூங்குவது மாதிரி நடக்காத காரியமாகத் தோன்றியது.

ஜெனிட்டா உடல்நலக் கேள்விகள் உள்ள படிவத்தைக் கொடுத்தாள். வலிப்பு, ஆஸ்துமா, இதய நோய். எல்லாவற்றுக்கும் கலைவாணன் 'இல்லை' என்று போட்டுக்கொண்டே போனார். காதில் ஓட்டையோ சீழோ உண்டா என்ற இடத்திலும் பேனா 'இல்லை'க்குப் போனபோது, எல்லம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"கீது. எடது காது. மழ வந்தா ஒழுவும். தலவாணி உறைய நான்தான தோய்க்கிறேன்."

"சும்மா கீறியா நீ."

"போன மாசம் பாலூர் கெணத்துல தல சுத்தி, மேல எது கீழ எதுன்னு தெரிலன்னு சொன்னியே. அதையும் எழுது."

ஜெனிட்டா படிவத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "டாக்டர் எழுதிக் குடுக்காம நான் உங்கள எறக்க முடியாது, சார்" என்றாள்.

செங்கல்பட்டு அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் டாக்டர் ஹரிப்ரியா மெல்லிய கேமராக் குழாயை அவர் காதுக்குள் விட்டார். எதிரே இருந்த திரையில் இளஞ்சிவப்பாக ஒரு குகை விரிந்தது. முடிவில், வெளுத்த சவ்வின் நடுவே கறுப்பாக ஒரு பள்ளம்.

"அதான் ஓட்டை."

"என் காதா அது?"

"உங்க காதுதான். கிணத்துல எறங்கும்போது காது வலிக்குமா?"

"வலிக்கும். அப்புறம் பட்டுன்னு வுட்டுடும். வலி போயிடும்."

"அப்படி விட்டதுதான் இது."

கலைவாணன் வலது காதையும் காட்டச் சொன்னார். அது நன்றாக இருந்தது. ஓட்டை இல்லாத சவ்வு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, இன்னொரு முறை இடது காதைக் காட்ட முடியுமா என்று கேட்டார். வெளியே கூட்டம் காத்திருந்தும் டாக்டர் காட்டினார். பிறகு, ஓட்டையை அறுவைச் சிகிச்சை செய்து மூடலாம், அது ஆறி முடியும்வரை கடலும் வேண்டாம், கிணறும் வேண்டாம் என்றார். "தலைசுத்தல் வந்ததே, அதோட நீங்க மேல வந்ததே பெருசு" என்றும் சொன்னார்.

இரண்டு நாள் கலைவாணன் எதுவும் கேட்கவில்லை. கிணற்று வேலைக்கு வந்த இரண்டு போன்களுக்கும், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். காலண்டர் தாள் டிவி மேலேயே கிடந்தது. சனிக்கிழமை பிரபா வந்து, "அப்ப கேன்சல் பண்ணிடட்டுமா நைனா?" என்றாள்.

"எதுக்கு?" என்றது எல்லம்மாள்தான். "நான் எறங்கறேன்."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"உனக்கு நீச்சலே தெரியாதும்மா."

"அந்த முட்டுக்காட்டுப் பொண்ணு இன்னா சொல்லிச்சு? பயிற்சி குடுக்கறவங்க கையப் புடிச்சிக்குவாங்க, மூச்சு வுடத் தெரிஞ்சா போதும்னுச்சு. அது எனக்குத் தெரியும்." மடித்துக்கொண்டிருந்த புடவையைக் கீழே வைத்தாள். "கல்யாணமான புதுசுல இவரு எறங்குவாரு. நான் மேல நின்னு கவுத்தப் புடிச்சிக்கினு எண்ணிக்கினு இருப்பேன். நூறு, நூத்திப்பத்துன்னு. எட்டிப் பாத்தா கறுப்பாத்தான் தெரியும். இவரு வந்து, சேறுன்னு ஒரு வார்த்த சொல்லுவாரு. அவ்ளோதான். உள்ள இன்னாதான் கீதுன்னு எனக்கும் பாக்கணும்."

கலைவாணன் அவளிடம் இதைக் கேட்டதே இல்லை. மேலே நின்றவளுக்கும் ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டியிருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியதும் இல்லை. "சரி" என்றார். பிறகு, "பயமா இருந்தா வேணாம்மே" என்றார்.

"இருக்கத்தான் இருக்கும்" என்றாள் எல்லம்மாள்.

அவள் படிவத்தில் எல்லாமே 'இல்லை'தான். முட்டுக்காட்டுக் குளத்தில் முதல்முறை டாங்க் குழாயின் ரப்பர் முனையை வாயில் கவ்விக்கொண்டு தலையை நனைத்ததும் திணறி எழுந்தாள். இரண்டாம் முறை அரை நிமிடம் தாங்கினாள். மூன்றாம் முறை கீழேயே உட்கார்ந்துவிட்டாள். கரையில் நின்ற கலைவாணன் குமிழிகளைப் பார்த்தார். ஒரு கொத்து, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு கொத்து. கிணற்றுக்குள் இறங்கினால் தானாக இறுகிவிடுகிற தன் நெஞ்சை அவர் நினைத்துப் பார்த்தார். இவள் உள்ளே, தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவள் மாதிரி சாவகாசமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்களவிட இவங்களுக்கு ஈசி சார்" என்றாள் ஜெனிட்டா. "அடக்கிப் பழக்கமே இல்ல பாருங்க."

ஹாவ்லாக்கில் இரண்டாம் நாள் காலை, மரப்படகு கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் நங்கூரம் போட்டது. படகோட்டி ராமதாஸ் அந்தத் தீவிலேயே பிறந்தவர். வீட்டில் தமிழ்தான். இன்ஜினை நிறுத்தியதும் கலைவாணன் விளிம்பில் குனிந்து பார்த்தார். தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி இருந்தது. அடி மணலில் படகின் நிழல் தெரிந்தது. அவர் கையை விட்டுப் பார்த்தார். விரல் ஐந்தும் தெரிந்தன. வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை.

எல்லம்மாள் பயிற்சியாளர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முதலில் அவள் தலைமுடி தெரிந்தது, பிறகு குமிழி மட்டும் தெரிந்தது. கலைவாணன் தன்னையறியாமல் எண்ணத் தொடங்கி, முந்நூறு தாண்டியதும் விட்டுவிட்டார். இருபத்தைந்து நிமிடம் கழித்து மேலே வந்தாள். அடுத்து பிரபா இறங்கினாள்.

எல்லம்மாள் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். மூக்கில் கண்ணாடி அழுத்திய தடம் சிவப்பாக இருந்தது. கலைவாணன் பக்கத்தில் நகர்ந்தார்.

"இன்னா பாத்த?"

"மீனு பாத்தேன். நெறையா. அத்த வுடு." அவளுக்கு இன்னும் மூச்சு சீராகவில்லை. "சத்தம் கீதுய்யா உள்ள."

"இன்னா சத்தம்?"

"எண்ணெயில கடுகு வெடிக்கிறாப்புல. எல்லாப் பக்கமும். நிறுத்தாம. என் காதுலதான் எதோ ஆயிடுச்சின்னு பாத்தா, கூட வந்தவரு கையக் காட்டிச் சிரிக்கிறாரு. ஒரு பெரிய பச்ச மீனு பல்லால கல்லக் கடிக்குது, அது நறுக்கு நறுக்குன்னு தனியாக் கேக்குது."

கிணற்றடியில் கலைவாணனுக்குத் தன் நெஞ்சு அடிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்கும். பார்த்ததைக் கேட்கத்தான் அவர் தயாராக இருந்தார். இதை என்னவென்று கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"மரத்துல காத வச்சுப் பாருங்கண்ணா" என்றார் ராமதாஸ். "ராத்திரி நங்கூரம் போட்டுப் படுத்தா எங்களுக்கும் கேக்கும்."

கலைவாணன் படகின் அடிப்பலகையில் ஈரத்தோடு ஈரமாகப் படுத்து, வலது காதை அழுத்தினார். முதலில் அலை மோதுவதுதான் கேட்டது. எல்லம்மாள் கால்களை மடக்கி இடம்விட்டாள். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தார். பிறகு, அலைக்குக் கீழே, வெகு சன்னமாக, பொரிகிற சத்தம் வந்தது.

"கேக்குதா?"

கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

"இன்னாது அது, ராமதாசு?" என்று படுத்தபடியே கேட்டார்.

"எறா. விரல் நீளந்தான் இருக்கும். கொடுக்கச் சொடுக்கும்."

"எல்லாமேவா?"

"எல்லாமேதான்."

"எதுக்குச் சொடுக்குது?"

ராமதாஸ் தனக்குத் தெரிந்தவரையில் சொன்னார். இரை பிடிக்க என்றார், வளைக்குக் காவல் என்றார், அப்புறம் தெரியவில்லை என்றார். எல்லம்மாள் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றைக் கணவன் கையில் வைத்தாள். அவர் அதைத் தின்னாமல் பிடித்துக்கொண்டே, காதை இரண்டு பலகை தள்ளி வைத்து, அங்கே சத்தம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.