ஜில்லா போர்டு கிணறு

மாரியப்பன் விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளம் பழுதுபார்க்கும் கூலி. 1948 டிசம்பர் முதல் வாரத்தில், பிளாட்பாரத்தில் யாரோ விட்டுப்போன செய்தித்தாளில் அந்தச் செய்தியைப் பார்த்தான். நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதும் சபை, தீண்டாமையை ஒழிக்கும் ஷரத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. எழுத்துக்கூட்டி மூன்று முறை படித்தான். அடுத்த ரயிலில் திண்டிவனம் போய், பிரம்மதேசம் சாலையில் இருந்த தன் ஊருக்கு நடந்தான்.

அவன் மனைவி செண்பகம் கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் துடுப்பைக் கீழே வைத்தாள்.

"அப்ப ஊர்க் கெணத்துல தண்ணி எடுக்கலாமா?"

"எடுக்கலாம்னுதான் போட்டுக்கீது."

சேரிக் குட்டையில் மாட்டுக்கும் மனிதருக்கும் ஒரே தண்ணீர். அந்தக் கோடையில்தான் அவர்களுடைய இரண்டு வயது மகள் வாந்திபேதியில் செத்துப்போயிருந்தாள். ஜில்லா போர்டு வெட்டிய கிணறு கூப்பிடு தூரத்தில் இருந்தது. சேரிக்காரர் கயிறு ஒருநாளும் அதில் இறங்கியதில்லை.

மறுநாள் காலையில் இருவரும் போனார்கள். தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு விலகி ஓடினார்கள். மாரியப்பன் இரும்பு வாளியை இறக்கி, இழுத்து, மனைவியின் குடத்தில் கவிழ்த்தான். அதற்குள் சக்கரபாணி ஆட்களோடு வந்துவிட்டான். ஊரில் கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லைகளில் பாதி அவனுடையது.

"யாரைக் கேட்டுடா கயிறு உட்ட?"

"டில்லில சட்டம் போட்டுட்டாங்க."

"டில்லிக்காரன் வந்து என் கையைப் புடிப்பானா, பாக்கலாம்."

தடி இறங்கியது. முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் செண்பகத்துக்குக் கேட்டது. மாரியப்பன் விழுந்தான். நான்கு பேர் மிதித்தார்கள். அவன் வாயிலிருந்து ரத்தமும் பல்லும் வந்தன. சக்கரபாணி மறுபடி தடியை ஓங்கினான். இந்தமுறை தலைக்கு.

செண்பகம் வாளியை எடுத்துச் சுழற்றி வீசினாள். அவன் நெற்றி பிளந்தது.

அன்று மத்தியானம் சேரியில் பதினோரு குடிசை எரிந்தது. காய்ச்சலில் படுத்திருந்த கோவிந்தம்மாளால் எழுந்து ஓட முடியவில்லை. கூரை அவள்மேல் விழுந்தது. கருகிப்போனவளைக் கையில் கிடந்த வளையலை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள்.

கணவனை மாட்டு வண்டியில் போட்டுத் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, செண்பகம் போலீசுக்குப் போனாள். சப் இன்ஸ்பெக்டர் முழுவதும் கேட்டார்.

"அந்தச் சட்டம் இன்னும் எழுதி முடிக்கலம்மா. அமலுக்கு வர நாளாகும்."

"அப்ப நாங்க எடுத்தது தப்புங்களா?"

"தப்பில்ல. பொதுக் கெணத்துல உங்களத் தடுக்கக்கூடாதுன்னு நம்ம மெட்ராஸ்லயே சட்டம் இருக்குது. போட்டுப் பத்து வருசமாச்சு."

செண்பகம் விரல்விட்டு எண்ணினாள். பத்து வருடம். மகள் பிறப்பதற்கும் முன்னால்.

"ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லலியே சாமி" என்றவள், அதுவரை அழாதவள், அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

தீ வைத்தது யாரென்று சாட்சி சொல்ல ஊரில் ஒருவரும் வரவில்லை. கோவிந்தம்மாளின் சாவுக்கு யாரும் தண்டனை பெறவில்லை. கிணற்றடி அடிதடி மட்டும் கோர்ட்டுக்கு வந்தது. சக்கரபாணியும் எதிர்ப் புகார் கொடுத்திருந்தான். இரண்டு வழக்கும் ஒரே நாளில் விசாரணைக்கு வந்தன.

முதலில் செண்பகத்தைக் கூண்டில் ஏற்றினார்கள். அடிக்கவில்லை என்று சொல்லும்படி வக்கீல் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"அடிச்சியா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"அடிச்சேங்க. இல்லாட்டி எம் புருசன் மண்டை போயிருக்கும்."

அவள் இறங்கியதும் சக்கரபாணியைக் கூப்பிட்டார்கள். அவன் படியருகே நின்றுவிட்டான்.

"அவ நின்ன எடத்துலயா நான் ஏறணும்?"

"இந்தக் கோர்ட்டுல இருக்கிறது ஒரே கூண்டுதான். ஏறு."

அவன் அசையவில்லை. கான்ஸ்டபிள் பிடரியில் கைவைத்துத் தள்ளி ஏற்றினார். செண்பகம் அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நின்ற இடத்திலேயே அவை நின்றன.

அவனுக்கு ஆறு மாதம் கிடைத்தது. புருஷன் உயிரைக் காக்க வேறு வழியில்லாமல் அடித்தவள் என்று அவளை விட்டுவிட்டார்கள்.

மாரியப்பனின் வலது கை நேராகவில்லை. விழுப்புரத்துக்கே குடிபோய்விடலாம் என்றான் அவன்.

"கோவிந்தம்மா வெந்துபோனது இந்த ஊரை உட்டு ஓடறதுக்கா?" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் கிணற்றுக்குப் போனாள். சேரியிலிருந்து ஒன்பது பெண்கள் பின்னால் வந்தார்கள். கிணற்றடியில் சக்கரபாணியின் மனைவி கிருஷ்ணவேணி நின்றிருந்தாள். செண்பகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, விலகி ஓடாமல், தன் குடத்தை ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டு இறைக்க ஆரம்பித்தாள்.