வடக்குப் பார்த்த விறகுக் கொட்டகை

ரோவீனாவின் கணவன் லின்சே செத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் மகன் லாக்லன் வந்து மரம் அறுக்கும் மெஷினையும் வண்டியின் பின்னால் பூட்டும் டிரெய்லரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். கிறிஸ்துமஸுக்கென்று வந்தவன், பன்றிக்கறியைத் தின்றுவிட்டு, சோபாவில் ஒரு தூக்கமும் போட்டு, எழுந்து நேரே கொல்லைக்குப் போனான். ஏன் என்று கேட்டால், "நீ கையைக் காலை வெட்டிக்காம இருக்கணும்லம்மா" என்றான்.

ரோவீனாவுக்கு எழுபத்திரண்டு வயது. அந்த மெஷினை அவள் ஒரு நாளும் தொட்டதில்லை. தொட விட்டால்தானே? விறகு என்றால் அது லின்சேயின் டிபார்ட்மென்ட். நாற்பது வருஷம் அவர் வாயில் அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அவள் காது புளித்துப்போயிருந்தது.

மகன் போடும் கணக்கு அவளுக்குப் புரியாமல் இல்லை. ஹோபார்ட் நகரத்தில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு முதியோர் குடியிருப்பைப் பார்த்து வைத்திருந்தான். அங்கே பொத்தானை அமுக்கினால் சுவரிலிருந்து சூடு வருமாம். பூமியின் தென்பாதியில் இருக்கும் இந்த ஹுவான் ஆற்றோரத்தில், குளிர் தொடங்கும் மே மாதம் பிறந்துவிட்டால், விறகில்லாத வீட்டில் ஆள் குடியிருக்க முடியாது. மெஷினும் டிரெய்லரும் இல்லையென்றால் விறகு இல்லை. விறகு இல்லையென்றால் அம்மா தானாகவே பெட்டியைக் கட்டிவிடுவாள். பெற்ற பிள்ளைக்கு எப்படியெல்லாம் மூளை வேலை செய்கிறது, பாருங்கள்.

"ஆன்சாக் தினத்துக்கு வர்றேன்" என்றான், கார் கதவைப் பிடித்துக்கொண்டு. "அன்னிக்கு இந்தக் குளிர்காலத்துக்கு வேண்டிய காஞ்ச விறகு உன்கிட்ட இருந்துச்சுன்னா, நான் வாயே திறக்கல. இல்லேன்னா நீ கிளம்பணும்."

"சரி" என்றாள் ரோவீனா.

அவ்வளவு சட்டென்று சரி சொல்வாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தான்.

ஏப்ரல் இருபத்தைந்து ஆன்சாக் தினம், போரில் செத்தவர்களை நினைக்கும் நாள். அதற்கு முன்னால் கணப்பு மூட்டுவது அந்த ஊரில் மானக்கேடு. பல் கிடுகிடுத்தாலும் இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே தவிர, யார் வீட்டுப் புகைபோக்கியிலும் புகை வராது. ஆக, அவளுக்கு நான்கு மாதம் இருந்தது.

விறகே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. லின்சே கட்டிய கொட்டகைக்குள் தைல மர விறகு தோள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. ஆனால் அந்தக் கொட்டகையின் லட்சணம் ஊருக்கே தெரியும், சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. அந்தப் பக்கத்தில் வெயில் வடக்கிலிருந்து வரும். மழை தென்மேற்கிலிருந்து சாய்த்துக்கொண்டு அடிக்கும். லின்சேயோ வண்டியை ரிவர்ஸில் கொண்டுவந்து விறகைக் கொட்ட வசதி என்று, கொட்டகையின் வாயைத் தெருவைப் பார்க்க, அதாவது சரியாகத் தென்மேற்கைப் பார்க்க வைத்துவிட்டார். மற்ற மூன்று பக்கமும் இண்டு இடுக்கில்லாமல் தகரம். மழை உள்ளே வரும், வந்த ஈரம் வெளியே போகாது. விறகு பூஞ்சை பிடித்துக் கிடக்கும். கணப்பில் போட்டால் முனையில் நுரை தள்ளி, பொழுதுக்கும் உஸ் உஸ் என்று சீறும். ரோவீனா முதல் வருஷமே சொன்னாள். பத்தாவது வருஷமும் சொன்னாள். அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டு, அவர் பார்க்காதபோது விறகை அடுப்பு மேல் வைத்துக் காயவைத்துக்கொண்டாள்.

ஜனவரி இரண்டாம் தேதி காலை, அந்த ஊரின் நடுக்கோடையில், கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கொட்டகையை அவள் பிரிக்க ஆரம்பித்தாள்.

அவள் கல் நெஞ்சுக்காரி இல்லை. லின்சேயை மண்ணில் வைத்த அன்று மனசு விட்டு அழுதவள்தான். இப்போதும் அவருடைய பழைய கம்பளிச் சட்டைதான் அவள் உடம்பில் இருந்தது. ஆனால் முதல் தகரம் கிறீச்சென்று பெயர்ந்து வந்தபோது அவளுக்கு வந்தது அழுகை இல்லை, சந்தோஷம். அதை மறைப்பானேன்? நாற்பது வருஷமாகத் தான் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும். இனி அதை நிரூபிக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

அடித்தட்டு விறகுக்குக் கீழே ஒரு புலிப்பாம்பு சுருண்டு கிடந்தது. கடித்தால் பிழைப்பது கஷ்டம். உள்ளே போய் டீ போட்டுக் குடித்து, இரண்டு பிஸ்கட்டும் தின்றுவிட்டு வந்து பார்த்தாள். அது தன் வழியைப் பார்த்துக்கொண்டு போயிருந்தது.

விறகை எல்லாம் தள்ளுவண்டியில் அள்ளிக் கொல்லையின் மேட்டுப் பக்கம் கொண்டுபோய், வெயிலில் வரிசை வரிசையாக அடுக்கினாள். அதற்கே மூன்று வாரம் ஆயிற்று. இடுப்பு விட்டுப்போனது. பிறகு குழி தோண்டினாள், ஆறு குழி. வேலிக்கு வாங்கி மிஞ்சிய கம்பங்களை நட்டாள். மூன்றாவது கம்பம், மண்ணைக் கெட்டித்து முடித்த பிறகு பார்த்தால், குடித்தவன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. திரும்பத் தோண்டத் தெம்பில்லை. நிற்கிற வரை நில்லு என்று அதனிடமே சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போனாள்.

மேல் பக்கத்து ஆப்பிள் தோட்டத்தில் உடைந்த பழப்பெட்டிகள் மலையாகக் குவிந்து கிடந்தன, இடுப்புயரப் பெட்டிகள். வேண்டுமட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவற்றைப் பிரித்துப் பலகைகளைத் தரைக்கும் பக்கவாட்டுக்கும் அடித்தாள், இரண்டு விரல் இடைவெளி விட்டு, காற்று நுழைந்து வெளியே போகிற மாதிரி. முதுகுப் பக்கம் தென்மேற்கு. அங்கே மட்டும் பழைய தகரம். வாய் வடக்கே, சூரியனைப் பார்த்து. கூரைத் தகரத்தைக் கயிறு கட்டி ஒவ்வொன்றாக மேலே இழுத்தாள். ஒன்று நழுவி முழங்காலைச் சீவிவிட்டது. நடுவே ஒரு தடுப்பு வைத்ததில் கொட்டகை இரண்டு அறையாயிற்று. ஓர் அறை போதாதா என்று கேட்க ஆளில்லை, அதுவும் நல்லதுதான்.

அதற்குப் பிறகுதான் விறகு விற்கும் மெர்வுக்கு ஃபோன் பண்ணினாள். மெர்வ் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவளிடமும் கேட்டான்: காஞ்சதா, பச்சையா? அந்த ஊரில் அது சாதாரணக் கேள்வி இல்லை. பச்சை விறகு எரிகிற பதத்துக்கு வர இரண்டு கோடை ஆகும். அதனால் வீட்டை விற்கப் போகிறவர்கள், வாடகைக்காரர்கள், ஆஸ்பத்திரியில் சாவுக்கு நாள் குறித்து அனுப்பப்பட்டவர்கள் பச்சை வாங்க மாட்டார்கள். யார் என்ன விறகு வாங்கினார் என்று சொன்னால் போதும், அவர் இருப்பாரா போவாரா என்று ஊர் சொல்லிவிடும்.

"பச்சை" என்றாள்.

மெர்வ் இழுத்தான். "ரோவீனா, நீங்க ஹோபார்ட்டுக்குப் போறதா உங்க பையன் சொன்னானே."

"அவன் சொல்லுவான். மெஷின் அவன்கிட்ட இருக்கு, அதனால நீயே துண்டு போட்டுக் கொண்டு வா. பிளக்கிறத நான் பாத்துக்கறேன்."

"பச்சைன்னா ரெண்டு கோடை ஆகுமே..."

"எனக்கு எண்ணத் தெரியும் மெர்வ்."

மெர்வ் மறுநாளே வந்து கொட்டினான். கூடவே ஒரு பாரம் காய்ந்த விறகும் கொண்டுவந்திருந்தான். காசு வேண்டாம், ஊரில் நாலு பேர் சேர்ந்து கொடுத்தது என்றான். துக்க வீட்டு வாசலில் அப்படி விறகு இறக்குவது அங்கே வழக்கம்தான். போன ஜூலையில், லின்சே செத்தபோது, அவளும் வாங்கிக்கொண்டாள். இந்தத் தடவை, தெருக்கோடியில் இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறவர் வீட்டில் அதை இறக்கச் சொல்லி அனுப்பிவிட்டாள். மெர்வுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஆனால் போகும்போது வண்டியை நிறுத்திக் கொட்டகையை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

மார்ச் முழுக்கக் கோடாலியும் ஆப்பும்தான். ஒரு நாளைக்கு இருபது துண்டு, அதற்கு மேல் இல்லை என்று அவளே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். சில நாள் எட்டோடு நின்றுபோகும். நின்ற நாட்களில் படுக்கையில் கிடந்து மகனைத் திட்டினாள், லின்சேயைத் திட்டினாள், அழவும் அழுதாள். மறுநாள் எழுந்து போனாள்.

ஆன்சாக் தினத்தன்று பகல் லாக்லன் வந்தான். கையில் குடியிருப்பின் படம் போட்ட அட்டை. கொல்லையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"அப்பா கட்டுனது எங்க?"

"பிரிச்சாச்சு."

"அம்மா! அவர் தன் கையால கட்டுனதும்மா அது!"

"இது நான் என் கையால கட்டுனது."

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. கொட்டகையைச் சுற்றி வந்தான், குறை தேடுகிறவன் மாதிரி. மூன்றாவது கம்பத்தைத் தட்டி, இது கோணல் என்றான். நிற்கிறதா இல்லையா என்று அவள் திருப்பிக் கேட்டாள். இடது அறையிலிருந்து இரண்டு விறகை உருவி ஒன்றோடொன்று தட்டினான். காய்ந்ததா என்று பார்க்க அவன் அப்பா சொல்லிக்கொடுத்த வழி அது. டங்கென்று மணி மாதிரிச் சத்தம் வந்தது. நம்பாமல் இன்னும் இரண்டை எடுத்துத் தட்டினான். அதுவும் டங்கென்றது.

"எங்க வாங்குன?"

"வாங்கல. எல்லாம் உங்கப்பாவோட விறகுதான். வெயில்ல வச்சேன், அவ்வளவுதான்."

நாலு துண்டை அள்ளி அவன் கையில் கொடுத்து உள்ளே கூட்டிப் போனாள். அந்த வருஷத்தின் முதல் கணப்பை அவளே மூட்டினாள். சடசடவென்று பிடித்துக்கொண்டது. லாக்லன் அதன் எதிரே உட்கார்ந்து, எதையோ காணோம் என்பது போலக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன். விறகு சீறாத கணப்பு ஒன்றை அவன் அங்கே பார்த்ததே இல்லை.

"சத்தமே இல்லியே" என்றான் கடைசியில்.

"இதத்தான் நாப்பது வருஷமாச் சொன்னேன்."

அவன் சிரித்துவிட்டான். அப்பாவை நினைத்தோ என்னவோ, கண்ணையும் துடைத்துக்கொண்டான். அட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். இந்த வருஷம் நீ ஜெயித்துவிட்டாய், அடுத்த வருஷம் பேசலாம் என்று சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு துண்டு எடுத்துவரப் போனவன், வலது அறையிலிருந்து எடுத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். ஒன்றோடொன்று தட்டினான். பொத்தென்று செத்த சத்தம்.

"இது பச்சையாச்சே? அடுத்த வருஷத்துக்குக்கூட ஆகாதேம்மா."

"ஆகாது. அதுக்கடுத்த வருஷத்துக்கு."

லாக்லன் விறகைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அப்ப உனக்கு எழுபத்து நாலு ஆயிருக்கும்."

"ஆமா. எழுபத்து நாலுலயும் குளிரும்" என்றாள் ரோவீனா. "அத எடுத்த எடத்துல வச்சிட்டு வா. வரும்போது கதவச் சாத்து. அப்புறம் அந்த மெஷின், அடுத்த வாரம் வரும்போது கொண்டாந்துரு. எண்ணெய் ஊத்தி வச்சிருக்கியா, இல்ல அப்படியே போட்டு வச்சிருக்கியா?"