அப்பாவின் பழைய எடை

அத்தை அஃப்ரியே மூன்றாவது துண்டைச் சுருட்டி அப்பாவின் சட்டைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். வயிற்றுப் பக்கம் ஒரு தலையணை ஏற்கெனவே போயிருந்தது. கன்னங்கள் இரண்டும் உப்பியிருந்தன, பஞ்சு வாய்க்குள் போய்விட்டது என்று அர்த்தம். வம்சத்துப் பெண்கள் இரண்டு பேர் அப்பாவின் தோளை ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடித்திருந்தார்கள். போமா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது யாரும் நிமிரவில்லை.

“என்ன பண்றீங்க அத்தை?”

“பாத்தா தெரியல? உங்கம்மா உருக்கி எடுத்ததைத் திரும்ப வைக்கிறேன்.”

காலை மணி ஆறரை. ஆறு வாரம் சவக்கிடங்கில் கிடந்த அப்பாவைக் கொண்டுவந்து அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஏழு மணிக்குக் கதவைத் திறந்துவிட்டால் ஊரே வரிசையில் வந்து பித்தளைக் கட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும். அதற்குள் அப்பா டங்க்வாவை ஊரறிந்த டங்க்வா ஆக்கிவிட வேண்டும் என்று அத்தைக்கு அவசரம். எந்த டங்க்வா என்பதுதான் தகராறு.

“இது பழைய கோட்டு அத்தை. புதுசா தைச்ச சட்டை அலமாரியில இருக்கு. அது அவருக்கு அளவா இருக்கும்.”

“அளவா இருக்கும். அதனாலதான் வேணாங்கிறேன்.”

“அவர் இப்படி இல்ல. பதினாலு மாசம் பாடுபட்டு எறக்கின உடம்பு அது.”

“பதினாலு மாசம்.” அத்தை நான்காவது துண்டை எடுத்தாள். “நாப்பது வருஷம் எங்கம்மா சோறு போட்டு, நான் சோறு போட்டு ஏத்தின உடம்பை உங்க வீட்டுல பதினாலு மாசத்துல கரைச்சுட்டீங்க. ஊரு முன்னாடி அவனை எலும்பாக் கெடத்தச் சொல்றியா? அந்த நோய்தான்னு பேசுவான். என் பொண்ணுங்களுக்கு நாளைக்கு மாப்பிள்ளை வருவானா?”

வாசலில் நின்ற நானா ஜாம்ஃபி தொண்டையைச் செருமினார். வம்சத்தின் மூத்தவர், தோளில் சிவப்புத் துணி. அவர் செருமினால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

“போமா, நீ வெளிய இரும்மா. இது வம்சத்து வேலை.”

இருபத்து மூன்று வருஷம் ஒரே வீட்டில் ஒரே குழம்பைச் சாப்பிட்டாலும் கானாவின் குமாசியில் அப்பனும் பிள்ளையும் ஒரு வம்சமில்லை. பிள்ளை அம்மாவின் ஆள். அப்பா அவரைப் பெற்றவளின் ஆள். செத்தவுடன் அக்காக்காரி வந்து அவரை எடுத்துக்கொள்கிறாள், இரவல் கொடுத்த பாத்திரத்தைத் திருப்பி எடுக்கிற மாதிரி. போமாவும் அம்மாவும் அழலாம், அதை யாரும் தடுக்கவில்லை. போமா வெளியே வந்தாள்.

முற்றத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு அப்பாவின் படம் தொங்கியது. அத்தை தேர்ந்தெடுத்த படம், ஏழு வருஷத்துக்கு முந்தையது. நூற்றுப் பதினெட்டு கிலோ. கழுத்தென்று ஒன்று இல்லை. இப்போது அந்தப் படம் தொங்குகிற இடத்தில்தான் அப்பா தினமும் காலையில் கயிறு தாண்டுவார்.

டாக்டர் பயமுறுத்திய மறுநாள் தொடங்கியது அது. பெயின்ட் டப்பாக்களில் சிமென்ட் ஊற்றிக் குழாயைச் செருகி எடை தூக்கும் கட்டை செய்துகொண்டார். தன் உதிரிப்பாகக் கடையிலிருந்து ஒரு லாரி டயரை உருட்டிக்கொண்டு வந்து போட்டார். போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, அதில் யாரோ ஒருவன் குதிக்கக் குதிக்க இவரும் குதித்தார். முதல் நாள் பதினொன்று தாண்டிவிட்டுத் தரையில் படுத்துவிட்டார். அண்டை வீட்டுக்காரர்கள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். போமா பக்கத்தில் நின்று எண்ணினாள்.

பிறகு சமையலறைக்குள்ளும் நுழைந்தார். மரவள்ளியும் வாழைக்காயும் இடிக்கிற உரலைக் கவிழ்த்துப் போட்டார். அதில் இடித்து உருட்டுகிற ஃபுஃபு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும், அதுவும் ஒரு கைப்பிடி. செம்பனை எண்ணெயைக் கரண்டியால் அளந்து, சேம்பங்கீரையை வேகவைத்து, மீனைச் சுட்டு, அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து அவளுக்குப் பரிமாறினார். “உப்பு எங்கய்யா?” என்பாள் அம்மா. “உப்பு கடல்ல இருக்கு” என்பார். இருவரும் ஒரே கிண்ணத்தில் சாப்பிடத் தொடங்கியதும் அப்போதுதான். அதுவரை அம்மா கடைசியில் தனியாகச் சாப்பிட்டுப் பழகியவள். அந்த ஒரு வருஷம் போல அந்த வீடு என்றைக்கும் இருந்ததில்லை, அதைப் போமா யாரிடம் வேண்டுமானாலும் சொல்வாள்.

தெருவுக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. சாயங்காலம் எல்லா வீட்டிலும் உலக்கைச் சத்தம், டங்க்வா வீட்டில் மட்டும் இல்லை. கடை படுத்துவிட்டது என்றார்கள். பெண்டாட்டி சோறு போடுவதில்லை என்றார்கள். எடை எழுபத்தொன்பதுக்கு வந்தபோது, அந்த நோய், எய்ட்ஸ்தான் என்று முடிவே கட்டிவிட்டார்கள். நல்லாயிருக்கிற ஆம்பளை எதற்கு இளைக்கப் போகிறான்?

ஏழு மணிக்கு அறைக் கதவு திறந்தது. சிவப்பும் கறுப்புமாகத் துக்க உடுப்பில் ஜனங்கள் வரிசை கட்டினார்கள். கட்டிலில் கழுத்தில்லாத ஒரு பெரிய மனிதர் கோட்டுப் பொத்தான் தெறிக்கப் படுத்திருந்தார்.

“நல்லாத்தானே இருக்கான். இளைச்சுட்டான்னு எவன் சொன்னது?”

“அதான் பாரேன். சாகறதுக்கு முந்தின வாரம்தான் பாத்தேன், ஈர்க்குச்சி மாதிரி இருந்தான்.”

“செத்தப்புறம் அக்கா வீட்டுச் சாப்பாடு போல.”

சிரிப்பு அடக்கமாக எழுந்து அடங்கியது. அத்தை தலைமாட்டில் நின்று கைகளை விரித்து ஒப்பாரி வைத்தாள். “என் யானையே, இந்த வீட்டுல உனக்கு இலையும் தழையும் போட்டாங்களே, ஆட்டுக்குப் போடற மாதிரி போட்டாங்களே...” ஒப்பாரியில் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், யாரும் பதில் சொல்ல முடியாது. அம்மா மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். வரிசையில் வந்தவர்கள் அவளுக்குக் கை கொடுக்காமல் நகர்ந்தார்கள். போமா பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது அம்மா கட்டிலைக் காட்டி மெதுவாகக் கேட்டாள்.

“யாருடி இது?”

அப்பாவை அப்பாவாக அனுப்ப வேண்டும், அம்மா ஒரு தடவையாவது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அதைத் தவிரப் போமாவுக்கு அன்றைக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பத்து மணிக்குச் சவப்பெட்டி வந்தது. அப்பனுக்குப் பெட்டி வாங்குவது மட்டும் பிள்ளையின் பொறுப்பு, அதில் வம்சம் தலையிடாது. ஒரே பிள்ளையான போமா தையல்காரரிடம் இருந்த புது அளவை வாங்கிக்கொண்டு போய் ஆசாரியிடம் கொடுத்திருந்தாள். ஒடூம் மரம், உள்ளே வெள்ளைப் பட்டு. ஜனங்களை வெளியே அனுப்பிவிட்டு நான்கு பேர் தூக்கி இறக்கினார்கள். அப்பாவின் வயிறு பெட்டி விளிம்புக்கு மேலே நின்றது. மூடியை வைத்தார்கள். நான்கு விரல் இடைவெளி விட்டு அது ஆடியது.

“அமுக்குடா” என்றாள் அத்தை.

அமுக்கினார்கள். விட்டதும் எழும்பியது.

“நான் வேணா ஏறி உக்காரட்டுமா?” என்று அத்தையின் மகன் கேட்டான். விளையாட்டாகச் சொல்கிறானா என்று பார்த்தார்கள். ஒரு காலைத் தூக்கியேவிட்டான்.

“கால எடு.” போமா சொன்னது சத்தமாக இல்லை. “இது என் பெட்டி.”

எல்லோரும் நானா ஜாம்ஃபியைப் பார்த்தார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரைக்குச் சபையில் மணி அடித்துவிடுவார்கள்.

“பெட்டி பிள்ளையோடதுதான்” என்றார். “சீக்கிரம் செய்யும்மா. அஃப்ரியே, நீ கூட இரு. மத்தவங்க வெளிய வாங்க.”

“எங்கம்மாவும் இருக்கட்டும்.”

“வேலைய முடி. அப்புறம் கூப்பிடு.”

கதவு சாத்தப்பட்டது. போமா கோட்டுப் பொத்தான்களை அவிழ்த்தாள். அத்தை ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். போமா வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்திருக்கலாம், ஆனால் ஆறு வாரமாக நெஞ்சில் கிடந்தது வெளியே வந்துவிட்டது.

“அவர் ஏன் செத்தாருன்னு தெரியுமா அத்தை? ஈஸ்டருக்கு எல்லாரும் கூடியிருந்தப்ப நீங்கதான் கேட்டீங்க, என்ன மாத்திரைடா முழுங்கறே, எங்கிட்டயாவது உண்மையச் சொல்லுன்னு. அது பிரஷர் மாத்திரை. அடுத்த வாரம் கடைக்கு வந்தவன் அவர் கொடுத்த தண்ணிய, ஒட்டிக்கும்னு பயந்து குடிக்கல. அன்னையிலேர்ந்து அவர் மாத்திரையத் தொடல. நாலு மாச மாத்திரை கடை மேசைக்குள்ள பிரிக்காமக் கெடக்கு. நான் பாத்தேன்.”

வெளியே பறை அதிர்ந்துகொண்டிருந்தது.

“நான் ஒரு நாள் கேட்டேன்” என்றாள் அத்தை. குரலில் கோபமே இல்லை. “நீ தினமும் அவன் பக்கத்துல நின்னு எண்ணினே. நூறு, நூத்தியொண்ணுன்னு. மாத்திரைய எண்ணலையா?”

போமாவின் கை நின்றது. இனிமேல் கயிறுதான் எனக்கு மாத்திரை என்று அப்பா சொன்னபோது அவள் கைதட்டினாள். அது அத்தைக்குத் தெரிய வாய்ப்பில்லை. செத்துப்போன அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் கயிற்றோடு முன்னூற்றுப் பன்னிரண்டில் விழுந்தார். வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்து அவள் முன்னூற்றுப் பதின்மூன்று என்று சொல்லியும்விட்டாள். அதை அம்மாவிடம்கூட அவள் சொன்னதில்லை.

துண்டுகளை உருவினாள். மார்பிலிருந்து நான்கு, தொடையிலிருந்து இரண்டு. தலையணை கோட்டில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. இழுத்தபோது அப்பா முழுவதுமாக ஒரு தடவை ஆடி அடங்கினார். பிறகு முகத்துக்கு வந்தாள். உதடுகளைப் பிரித்து இரண்டு விரலை விட்டு ஈரமான பஞ்சை வெளியே எடுத்தாள். ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். எடுத்து முடித்துவிட்டுப் பார்த்தாள்.

ஆறு வாரம் மருந்திலும் குளிரிலும் கிடந்த உடம்பு அது. தோள்கள் இருந்த இடத்தில் கோட்டு தொங்கியது. கயிறு தாண்டித் தாண்டி இறுகிய கழுத்தில் இரண்டு நரம்பும் கறுத்த தோலும்தான் மிச்சம். கன்னம் பல்லோடு ஒட்டிக்கொண்டு, கண் குழிந்து, ஊர் ஒரு வருஷமாகப் பேசிய அந்த நோய்க்காரன் அச்சு அசலாக அங்கே படுத்திருந்தான். எழுபத்தொன்பது கிலோ அப்பா எங்கேயும் இல்லை.

அத்தை பக்கத்தில் வந்து நின்றாள்.

“நான் காலையில பாத்தது இதத்தான்” என்றாள்.

கதவு தட்டப்பட்டது. “முடிஞ்சுதாம்மா? உங்கம்மாவைக் கூட்டிட்டு வந்திருக்கேன்” என்றது நானா ஜாம்ஃபியின் குரல்.

“ஒரு நிமிஷம்.”

போமா பஞ்சை எடுத்தாள். அது நனைந்து துவண்டிருந்தது. அத்தை பையிலிருந்து புதுப் பஞ்சைப் பிய்த்து நீட்டினாள். போமா அதைச் சின்ன உருண்டையாக உருட்டி அப்பாவின் கன்னத்துக்குள் வைத்தாள். போதவில்லை. இன்னொன்று உருட்டினாள். பிறகு ஒரு துண்டை நான்காக மடித்துச் சட்டைக்குள் விட்டு மார்பில் பரப்பினாள், இன்னொன்றை வயிற்றில். அத்தை அவரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு வைத்தாலும் அது அப்பாவாக ஆகவில்லை, ஆனால் மூடி சரியாகப் பொருந்தியது.

“இப்பத்தான் எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி நடந்துக்கிட்டே” என்றாள் அத்தை. அவள் கண் கலங்கியிருந்தது. கதவைத் திறக்கப் போனாள்.

அம்மா உள்ளே வந்து ஒரு தடவை குனிந்து பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. முந்தானையால் பெட்டி விளிம்பைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். ஆணி அடித்தார்கள்.

போமா முற்றத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தபோது அன்சொங் வந்தார். சனிக்கிழமைகளில் அப்பாவோடு ஓடுகிறவர். அவருக்குப் பின்னால் ஓட்டக் குழுவில் ஏழெட்டுப் பேர், எல்லோரும் கறுப்புச் சட்டையும் ஓடுகிற காலணியுமாக நின்றிருந்தார்கள். எட்டு கிலோமீட்டர் ஓடியே வந்திருந்தார்கள். அப்பாவுக்கு மரியாதையாம். அதில் நேரம் பிசகிவிட்டது.

“பெட்டிய மூடிட்டாங்களாமே” என்றார் மூச்சு வாங்கியபடி. “முகத்தப் பாக்கக் குடுத்து வைக்கல. நம்ம ஆளு எப்படிம்மா இருந்தாரு?”

போமா கையை உதறினாள்.

“நல்லா சதை போட்டிருந்தாரு” என்றாள்.

அன்சொங் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையாட்டினார். உள்ளே பெட்டியைத் தூக்குகிற சத்தம் கேட்டது. அவரும் பின்னால் நின்றவர்களும் பெட்டிக்கு வழிவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள்.