படம் மங்கல்தான்

கர்னல் ஹாப்சன் சொன்ன அந்த ஒரு வரியை டார்லீன் அலுவலகக் கணினியில் தட்டுவதும் அழிப்பதுமாக இருந்தாள். 'அன்றிருந்த கேமராவில் யார் பார்த்திருந்தாலும் பிள்ளைகளையும் பெரியவர்களையும் பிரித்தறிந்திருக்க முடியாது.' நிதி ஒதுக்க வாஷிங்டனிலிருந்து வருகிறவர்களுக்குப் போட்டுக்காட்டும், விமானத்திலிருந்து எடுத்த படத்தின் கீழே அந்த வரி வர வேண்டும். சிறப்புப் படையின் பீரங்கி விமானங்களுக்குப் புதுக் கேமரா பொருத்த இந்த வருஷமாவது நிதி கிடைத்தாக வேண்டும்.

"பீரங்கிக்குக் கேட்டா கையத் தட்டிக் குடுப்பாங்க டார்லீன். கண்ணுக்குக் கேட்டாத்தான் கஞ்சத்தனம் வந்துரும்," என்றார் கர்னல். "இந்தப் படத்தப் பாத்தா கல்லும் கரைஞ்சிரும்." யாரிடம் சொல்கிறோம் என்பது சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. "வெண்டல் நல்லா இருக்காரா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

அது வெண்டல் பார்த்த படம். வெண்டல் அவள் புருஷன். விமானத்துக்குள் ஜன்னலில்லாத சிறு அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, கீழே இருப்பது என்னவென்று சொல்வதுதான் அவன் வேலையாக இருந்தது. அவன் சொன்ன பிறகுதான் சுடுவார்கள். அத்தனை உயரத்திலிருந்து ஆளின் உயரம் தெரியாது. பக்கத்தில் இருக்கும் தெரிந்த பொருளை வைத்துத்தான் அளப்பார்கள். ஓர் இரவு, ஒரு மலையடிவாரத்தில் கழுதைகளோடு ஆட்கள் வருவதாக அவன் சொன்னான். சுட்டார்கள். விடிந்ததும் பார்த்தால் அவை ஆடுகள். ஆட்டைக் கழுதை என்று கொண்டதால், கூட வந்த பிள்ளைகள் வளர்ந்த ஆண்களாகிவிட்டார்கள்.

விசாரணையில், படம் தெளிவாகத்தான் இருந்தது, பார்த்தவனின் கவனக்குறைவு என்று முடித்து அவனைப் பறப்பதிலிருந்து இறக்கினார்கள். வெண்டல் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஆளைத் தண்டிக்கும்போது தெளிவாக இருந்த படம், பணம் கேட்கும்போது மங்கிவிட்டது. டார்லீனுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் அந்த எரிச்சலுக்கு மேலே ஒரு சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. இதைக் கேட்டாலாவது அவன் ஜோசியைத் தூக்குவான். மகள் வயிற்றுப் பேத்தி ஜோசி தவழ்கிறவரை அவன் மடியைவிட்டு இறங்கியதில்லை. அவள் எழுந்து நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து வெண்டல் விலகிவிட்டான். மகள் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் படகுத்துறைக்குப் போனால், அவர்கள் கிளம்பிய பிறகுதான் வீட்டுக்குள் வருவான்.

அன்று சாயங்காலம் அவன் துறையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தான். டார்லீன் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் ஓடினாள்.

"வெண்டல், உம்மேல தப்பில்லையாம்! யாரு பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்காதாம். அவங்களே எழுதச் சொல்லிட்டாங்க."

கத்தி நின்றது. "நிதி கேக்கப் போறாங்களா?"

"கேக்கட்டுமே! எதுக்காகச் சொன்னா என்ன, இப்பவாவது வாயத் திறந்தாங்கல்ல?"

"வாங்கட்டும். நல்லதுதான். அடுத்து அங்க உக்கார்றவனுக்காவது உதவும்." மீனைத் தண்ணீரில் அலசினான். "ஆனா நீ அத நம்பாத."

"ஏன்?"

"அந்த மிருகங்கள்ல ஒண்ணு பாறைமேல துள்ளி ஏறுச்சு, டார்லீன். தாத்தா பண்ணையில ஆட்டுக்கு நடுவுல வளந்தவன் நான். கழுதை அப்படித் துள்ளாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"வாயெடுத்தேன். கீழ நம்ம படைப் பசங்க மாட்டிக்கிட்டு நின்னாங்க. எல்லாரும் என் வாயத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க. என் கண்ணுதான் ஏமாத்துதோன்னு ஒரு யோசன. ஒரு மூச்சு விடற நேரம்தான். அதுக்குள்ள சுட்டுட்டாங்க." பிறகு, "படத்துல அதுவும் இருக்கும். யாரும் ஆட்டப் பாக்கல, அவ்வளவுதான்," என்றான்.

டார்லீன் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். செத்த பிள்ளைகளுக்காக அழுதாளா, அவனுக்காகவா, தன் கையில் இருந்து நழுவிப்போன அந்த ஒரு வரிக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. மறுநாள் அலுவலகத்தில் படத்தைப் போட்டுப் பார்த்தாள். பாறை இருந்தது. துள்ளலும் இருந்தது. கர்னல் சொன்ன வரியை அப்படியே தட்டி அனுப்பினாள். அடுத்து உட்காரப்போகிறவனுக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நிதி கிடைத்தது. புதுக் கேமரா பொருத்திய விமானங்கள் பயிற்சிக்காகத் தங்கள் வழக்கப்படி இடப்பக்கமாகச் சாய்ந்து, படகுத்துறைக்கு எதிரே இருந்த வளைகுடாவைச் சுற்ற ஆரம்பித்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜோசி துறைக்குப் போக வேண்டுமென்று அடம்பிடித்தாள். டார்லீன் பின்வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூரத்தில், விமானச் சத்தம் கேட்டு வெண்டல் எழுந்தான். தலையை நிமிர்த்தி அதையே பார்த்தான். பிறகு வலது கையை இடுப்புக்குச் சற்றுக் கீழே நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி அந்தரத்தில் பிடித்தான், இத்தனை உயரம்தான் என்று யாருக்கோ காட்டுகிறவனைப் போல. ஜோசி அங்கே நின்றிருந்தால் அவள் தலை சரியாக அந்தக் கைக்கு அடியில் வந்திருக்கும்.

விமானம் ஒரு சுற்று முடித்து அடுத்த சுற்றுக்குத் திரும்பியது. அவன் கையை இறக்கவில்லை.