ஜன்னலோர மேஜை

அவருக்குப் பிழைப்பே குறை கண்டுபிடிப்பதுதான். பம்பு செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். மயிரிழைக் கீறல்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது. கழுகு என்றால் அங்கே யாரைச் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததும், இனி யாரையும் எதற்கும் நொட்டை சொல்வதில்லை என்று மனதுக்குள் தீர்மானம் போட்டுக்கொண்டார்.

அந்தத் தீர்மானத்துக்குச் சோதனை மனைவி ரூபத்தில் வந்தது. மருந்துக் கடையில் வேலை பார்த்து ஓய்ந்தவள் அவள். காரை விற்றபின் சும்மாக் கிடந்த ஷெட்டை ஒழித்து, சுவரோரம் ஒரு பெஞ்சைப் போட்டு, வாள், இழைப்புளி, துளை போடும் மெஷின் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். போனில் வீடியோ பார்த்தே தச்சு வேலை கற்றுக்கொண்டாள். முதலில் செய்த ஸ்டூலில் உட்கார்ந்தால் ஊஞ்சல் மாதிரி இருந்தது. அவர் வாய் கூசாமல், "பிரமாதம்!" என்றார்.

"எல்லாத்துக்கும் பிரமாதம்னா என்ன அர்த்தம்? குறை இருந்தா சொல்லுங்க, பிரிச்சுட்டு மறுபடி செய்யறேன்."

"இருந்தாத்தானே சொல்றதுக்கு."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டாள். ஸ்டூலைத் தானே பிரித்துச் சரிசெய்தாள்.

கல்யாணமாகிப் போன மகள் சம்பந்தி வீட்டாரோடு விருந்துக்கு வருவதாக இருந்தது. அதற்கென்று ஒரு சாப்பாட்டு மேஜை செய்யத் தொடங்கினாள். தலைமுடியெல்லாம் மரத்தூள், விரலெல்லாம் பசை. ஒருநாள் அளவு நாடாவோடு சாப்பாட்டு அறை ஜன்னலருகே மண்டியிட்டுத் தரையைத் தடவிக்கொண்டே அவரிடம் என்னவோ விளக்கினாள். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர், "ம், ம்" என்று தலையாட்டினார்.

மேஜை முடிந்தது. தேன் நிறத்தில் மினுமினுத்தது. அதை ஜன்னலோரம் போட்டுவிட்டு, விருந்துக்கு முந்தின நாள் காலையில் பல் டாக்டரிடம் போனாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் அவருக்கு ஒரு யோசனை. இத்தனை பேர் உட்கார ஜன்னலோரம் இடம் போதாது. மேஜையைக் கூடத்துக்கு இழுத்துவந்து நடுவில் போட்டார். ஓரத்தில் கை வைத்ததும் 'டக்' என்று ஆடியது. நாளைக்குக் குழம்பு சம்பந்தி மடியில்தான் என்று தோன்றியது.

அவளுக்குப் போன் செய்திருக்கலாம். செய்தால் அவள் மனசு உடைந்துவிடுமே என்று நினைத்தார். தெருக்கோடி தச்சரைக் கூப்பிட்டார்.

தச்சர் மேஜையைக் கவிழ்த்தார். "ஒரு கால் மட்டும் கொஞ்சம் நீளம் சார். அறுத்துடவா?"

"அறுத்துடுங்க. வீட்ல வர்றதுக்குள்ள முடிச்சுடணும்."

நாலே இழுப்பில் வேலை முடிந்தது. தச்சர் போனதும் அவர் தூளைக் கூட்டித் தள்ளிவிட்டு, திருட்டுப் பூனை மாதிரி உட்கார்ந்திருந்தார். வீடு திரும்பி மேஜையைக் கூடத்தில் பார்த்த அவள், "இங்கயா போட்டிருக்கீங்க? ஆடுமே!" என்றாள். கையை வைத்து அழுத்தினாள். ஆடவில்லை. நெற்றியைச் சுருக்கினாள். பல்வலியில் மேற்கொண்டு கேட்கவில்லை.

விருந்து அமர்க்களம். சம்பந்தியம்மா மேஜையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். "கடையில வாங்கினதுன்னுல்ல நெனச்சேன்! கல்லு மாதிரி நிக்குதே!" மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. மனைவி சிரித்தாள். அவர் மட்டும் தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை.

எல்லோரும் கிளம்பியபின் இருவருமாக மேஜையை ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தார்கள். 'டக்'. அவள் மறுபடி அழுத்தினாள். 'டக்'. குனிந்து காலைப் பார்த்தாள். வார்னிஷ் இல்லாமல், அறுத்த மரம் வெளிறித் தெரிந்தது.

"யார் அறுத்தது?"

அவர் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே தன் குரல் பிடிக்கவில்லை.

"இந்த மூலையில தரை பள்ளம். எத்தனை மேஜை போட்டாலும் ஆடும், காகிதம் மடிச்சு வெச்சே காலத்தை ஓட்டியிருக்கோம். அதுக்குத்தான் அந்தக் காலை நீளமா வெச்சேன். மூணு தடவை தப்பாகி நாலாவது தடவை சரியா வந்துச்சு. உங்ககிட்ட சொன்னேனே... தலையாட்டினீங்களே."

"நீ வருத்தப்படுவியேன்னு..."

"ஆடுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏங்க வருத்தப்படப் போறேன்?" அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "அப்போ இன்னிக்கு எல்லாரும் பாராட்டினது தச்சரைத்தான், இல்ல?"

அன்றுவரை அவர் சொன்ன பிரமாதங்கள் எல்லாவற்றையும் அவள் மனதுக்குள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது.

அதன்பின் ஷெட் திறக்கவே இல்லை. அவர் நல்ல பலகைகளாகப் பார்த்து வாங்கிவந்தார். "வைங்க, பாக்கலாம்" என்றாள். அறுத்த காலுக்கு ஒட்டுப்போட அவரே ஒருநாள் உட்கார்ந்தார். ஒட்டு கோணலாகப் போய்விட்டது. அவள் ஏளனம் செய்யவில்லை, திருத்தவும் இல்லை. கோபம் தீர்ந்து வழக்கம்போலப் பேசினாள், பரிமாறினாள், சிரித்தாள். மரத்தைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் துளை போடும் மெஷினை இரவல் கேட்டபோது, "நீங்களே வெச்சுக்கோங்க, எனக்கு வேணாம்" என்றாள். அறைக்குள்ளிருந்த அவருக்கு அது சுருக்கென்று தைத்தது.

மழை நாள் ஒன்றில் மகள் போன் செய்தாள். புத்தகம் வைக்க அலமாரி வேண்டுமாம், அம்மா கையால் செய்ததாக வேண்டுமாம்.

"கடையிலயே வாங்கிக்கோடி. நான் செஞ்சா சரியா வராது."

எதிரே உட்கார்ந்திருந்த அவர் வாய் திறந்தார். வரும், உனக்கு வரும் என்று சொல்லத்தான் நினைத்தார். தன் வாயிலிருந்து வந்தால் அதுவும் இன்னொரு பிரமாதமாகத்தான் அவள் காதில் விழும் என்று தோன்றியது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.