கழல மறுத்த ஸ்டீரிங்

ஞாயிற்றுக்கிழமை காலை பழைய இரும்பு எடுக்கும் லாரி வரும். அதற்குள் ஸ்டீரிங் சக்கரம் உடையாமல் கழன்றால், ஷெட்டில் கிடக்கும் மாமாவின் பழைய கார் அக்காவுக்கு, இல்லையென்றால் லாரிக்கு. இது அவருடைய தீர்ப்பு.

"ஒரு ஸ்டீரிங்கைக் கழட்ட முடியல, இவங்க காரை ஓட வைக்கப் போறாங்களாம்" என்று ஷெட் வாசலில் நின்று சிரித்தார்.

அக்காவின் டிராவல்ஸ் வேலை போய்விட்டது. இந்தக் காரைச் சீராக்கிக் கல்யாணங்களுக்கும் படப்பிடிப்புகளுக்கும் வாடகைக்கு ஓட்டப் போகிறாளாம். ஆனால் ஸ்டீரிங்கின் அடியில் பேரிங் தேய்ந்து ஆடுகிறது. சக்கரத்தை எடுத்தால்தான் அதை மாற்ற முடியும். சக்கரமோ துருவேறித் தண்டோடு ஒட்டிக்கிடக்கிறது. ஓங்கி அடித்தால் பழைய பிளாஸ்டிக் வளையம் விரிசல் விடும்.

மாலை வகுப்பில் கார் வேலை படிப்பதால் பொறுப்பு என் தலையில். ஹாரன் பொத்தானை எடுத்தேன். திரும்ப மாட்டும்போது கோணாமல் இருக்க, சக்கரத்திலும் தண்டிலும் பெயின்டால் ஒரே நேராகக் கோடு போட்டேன். சக்கரத்தின் நடுவில் இருந்த நட்டைத் தளர்த்தினேன், முழுதாகக் கழற்றவில்லை. "அதையும் எடுத்துத் தொலையேன், அதான் பிடிச்சுட்டிருக்கு" என்று அக்கா நச்சரித்தாள். எனக்கும் சந்தேகம்தான், இருந்தாலும் விட்டுவைத்தேன். தினமும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, சக்கரத்தை இழுத்துக் கழற்றும் புல்லரை மாட்டித் திருகினேன். சக்கரம் அசைந்து கொடுக்கவில்லை. என் கைக்கு எந்த வேலையும் வராது என்றே தோன்றியது.

வெள்ளிக்கிழமை மாலை அக்கா டீயோடு வந்து நின்று பார்த்தாள். நான் எண்ணெய் விட்டேன். பிறகு துணி முனையை இடுக்கில் நுழைத்து ஒற்றி எடுத்தேன்.

"என்னடி பண்ற?"

"துடைக்கிறேன்."

"எதை?"

"எண்ணெயைத்தான். வேலை முடிஞ்சா இடம் சுத்தமா இருக்கணும்னு வகுப்புல சார் சொல்லியிருக்கார்."

"தினமுமா துடைச்ச?"

"தினமும்."

அவள் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, டீ சிந்தச் சிரித்தாள். "எண்ணெய் சக்கரத்துக்கா, துணிக்காடி? துணி நல்லா இளகியிருக்கும்!"

எனக்குக் காது சுட்டது. "நான் இதுக்கு லாயக்கில்லக்கா."

"மத்ததெல்லாம் ஒழுங்காத்தானே செஞ்சிருக்க? துணியை மட்டும் எங்கிட்ட குடு." பிடுங்கித் தன் பையில் திணித்துக்கொண்டாள்.

மறுபடி எண்ணெய் விட்டு, புல்லரை இறுக்கி, அப்படியே விட்டுவிட்டுப் போனோம். வழிந்த எண்ணெயை நினைத்து எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் புல்லரை இன்னும் கொஞ்சம் திருகினேன். அதன் போல்ட் தலையில் சுத்தியலால் லேசாகத் தட்டினேன். எட்டிப் பார்க்க அக்கா குனிந்தாள். டங்கென்று சக்கரம் துள்ளி, நட்டில் முட்டி நின்றது. அவள் முகவாய்க்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் போகாது.

அக்கா முகவாயைத் தடவிக்கொண்டாள். "இந்த நட்டையா எடுக்கச் சொன்னேன்?"

"ஆமா."

"நல்லவேளை, நீ என் பேச்சைக் கேக்கல."

நட்டைக் கழற்றிச் சக்கரத்தை வெளியே எடுத்தேன். மாமா வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரிசல் எதுவும் அகப்படவில்லை. போனை எடுத்தார்.

"நாளைக்கு வராதப்பா. வண்டி எங்க வீட்டுப் பொண்ணுக்கு வேணுமாம்." வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பேரிங் எப்ப மாத்தப் போற?"

அக்கா காரில் உட்கார்ந்து, சக்கரத்தைக் காற்றில் பிடித்து வாயாலேயே ஹாரன் அடித்தாள். பிறகு பையிலிருந்து துணியை எடுத்து என்மேல் வீசினாள்.

"இந்தா, இப்பத் துடைச்சுக்க."