முதலிடத்துக்கு இருபத்தாறு படி

மூன்று மணிக்குள் பட்டியல் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். இப்போது மணி பன்னிரண்டே முக்கால். நாட்டின் தலைசிறந்த பனிச்சறுக்கு மலை எது என்று தீர்மானிக்க வந்த மூன்று நடுவர்களும் பன்னிரண்டு மலைகளுக்கும் நாலு மதிப்பெண் போட்டு வைத்திருந்தார்கள்.

ஐந்துக்கு நாலு. பனியின் தரம் நாலு, சரிவு நாலு, நாற்காலி லிஃப்ட் நாலு, சாப்பாடு நாலு, வெந்நீர் ஊற்றுக் குளியல் நாலு, காட்சி நாலு, உபசரிப்பு நாலு. ஐந்து போட்டால் மற்ற பதினொரு மலைக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? மூன்று போட்டால் அந்த ஊர்ப் பக்கம் இனித் தலைகாட்ட முடியுமா? சாப்பாட்டுப் பத்தி எழுதும் ஹமுரா மட்டும் ஓரிடத்துக் கறிச்சோற்றில் மயங்கி ஐந்து போட்டிருந்தார். பிறகு பயந்துபோய் அதை அடித்து நாலாக்கி, அடித்த இடத்தில் ஒழுங்காகத் கையெழுத்துக்குப் பதிலான தன் சிவப்பு முத்திரையையும் குத்தியிருந்தார்.

கூட்டிச் சரிபார்க்கும் வேலை தொகாஷி கொஸுவேக்கு. கூட்டவே வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு மலைகளும் முதலிடம்.

"இதுல என்ன கஷ்டம்?" என்றார் இதழாசிரியர் உசுய். "எல்லாம் சமம்னா, தலைவர் சென்செய் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது."

என்ன வார்த்தை என்பது அறையிலிருந்த எல்லாருக்கும் தெரியும். அவர்கள் உட்கார்ந்திருந்ததே ஷிராஹானே மலையின் உணவுக்கூடத்தில், ஷிராஹானே கொடுத்த தனி அறையில். குடித்தது ஷிராஹானேயின் பியர், ஆளுக்கு இரண்டு பெரிய குவளை. சூடேறும் இருக்கை வைத்த புதுக் கேபிள் கார்களை ஷிராஹானே இந்த வருடம்தான் ஓடவிட்டிருந்தது. இதழின் பின்னட்டை முழுக்க அதன் விளம்பரம். பட்டியல் முடிந்ததும் முதலிடம் பெற்ற மலையின் உச்சியில் படம் எடுப்பதாக ஏற்பாடு. அதற்காக நடுவர்கள் காலையிலேயே சறுக்குப் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். முதலிடம் எந்த மலை என்று கால்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

கொஸுவேக்கும் ஒன்று தெரியும். காலையில் வண்டியை விட்டு இறங்கும்போது உசுய் சொன்னார்: "இன்னிக்கு எந்த வம்பும் இல்லாம முடிஞ்சா, உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி நாளைக்கே காகிதம் அனுப்பறேன்." நாலு வருடமாக ஒவ்வொரு மார்ச்சிலும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்த ஊழியை அவள். அப்பா அகிதாவில் சாலைப் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறார், அம்மா மீன் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிறாள். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். மகள் பத்திரிகையில் எழுதுகிறாள் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மகள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சென்செய் என்று எல்லாரும் மரியாதையாக அழைக்கும் நடுவர் தலைவர் குரோஇவாவுக்கு எழுபத்தொரு வயது. ஒரு காலத்தில் தேசிய அணிக்காகச் சறுக்கியவர். தொண்டையைச் செருமினார்.

"மலைன்னா பனிதான். கையில அள்ளி ஊதினா மாவு மாதிரிப் பறக்கணும். ஷிராஹானேல பறக்குது."

"பனி எல்லா மலையிலயும்தான் பறக்குது, சென்செய்," என்றார் விடுதிச் சங்கத்து இசோபே. "சறுக்கி முடிச்சு வெந்நீர்ல இறங்கறோம் பாருங்க, அப்ப வாயிலேர்ந்து தானா ஒரு 'ஆ' வரணும். அந்த 'ஆ' எவ்வளவு நீளமோ அவ்வளவு மார்க்."

"உங்க 'ஆ'வை யார் அளக்கறது?" என்றார் ஹமுரா. "கட்லெட்டை அளக்கலாம். கறிக்குழம்புல கிடந்தும் மொறுமொறுன்னு இருக்கணும். அதான் மலை."

"படியையும் அளக்கலாம்," என்றாள் கொஸுவே.

மூவரும் திரும்பினார்கள். "தொகாஷி, டீ," என்றார் உசுய்.

"ஊத்தறேன். படியையும் கேளுங்க." அவள் பையிலிருந்து வாசகர் அட்டைக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். "முந்நூத்திப் பன்னெண்டு அட்டை வந்திருக்கு. நூத்தித் தொண்ணூறு பொம்பளைங்க எழுதினது. அதுல நூத்தி நாப்பத்தி நாலு பேர் எழுதியிருக்கறது டாய்லெட்டைப் பத்தி. இதைச் சுருக்கிப் போட்டப்ப 'பெண் வாசகர்கள் உணவையும் காட்சியையும் விரும்புகிறார்கள்'னு போட்டிருக்கோம். இங்க ஆம்பளைங்களுக்கு நிலவறையில இருக்கறது போக, இந்தத் தளத்துலயே ஒண்ணு இருக்கு, கதவைத் திறந்தா அஞ்சாவது அடியில. பொம்பளைங்களுக்கு நிலவறையில மட்டும்தான். இருபத்தாறு படி. ஈரம். ஒரு பக்கம்தான் கைப்பிடி. சறுக்குப் பூட்ஸோட இறங்கணும். பதினாலாவது படியிலேயே தன் பொண்ணு நனைச்சுக்கிட்டான்னு ஒரு அம்மா எழுதியிருக்காங்க."

இசோபே சிரித்தார். "டாய்லெட்டுக்காகவாம்மா மலைக்கு வர்றாங்க?"

"அந்தக் காலத்துல காலையில போனா அப்புறம் சாயங்காலம்தான்," என்றார் குரோஇவா. "பந்தயக்காரனுக்குக் கட்டுப்பாடு வேணும்மா, கட்டுப்பாடு."

"உங்க கட்டுப்பாட்டுக்கு மாசாமாசம் அஞ்சு நாள் ரத்தம் வருமா, சென்செய்?"

ஹமுராவின் கரண்டி தட்டில் விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுவதை எல்லாரும் ஒரே நேரத்தில் வெகு அக்கறையாகக் கவனிக்க ஆரம்பித்தார்கள். கொஸுவேக்கு அது இரண்டாம் நாள். இதே இருபத்தாறு படிகளை அன்று காலையில் இறங்கி, பத்தொன்பது பேருக்குப் பின்னால் வரிசையில் நின்று, தோள்பட்டை வார் வைத்த கால்சட்டையை ஓரடி அகலக் கூண்டுக்குள் அவிழ்த்து மாட்டி, ஏறி வந்திருந்தாள்.

உசுய் அவளை நடைவழிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"உனக்கு மூளை இருக்கா? இன்னும் ரெண்டு மணி நேரம். வாயை மூடிக்கிட்டு இருந்தா நீ நிரந்தரம். பத்து நிமிஷம் கழிச்சு உள்ள வந்து, தப்பாப் பேசிட்டேன்னு சென்செய்கிட்ட தலை குனி. போதும்."

அவர் உள்ளே போய்விட்டார். கொஸுவே சுவரில் சாய்ந்து நின்றாள். எதிரே ஒரு மஞ்சள் அறிவிப்புப் பலகையைச் சுவரில் சாத்திவிட்டு ஆண்கள் கழிவறை வாசலைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுக்காரத் தோமி நிமிர்ந்து பார்த்தாள். அறுபது வயதிருக்கும்.

"கதவு மெல்லிசு. எல்லாம் கேட்டுது," என்றாள் தோமி. "நான் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை தண்ணி வாளியோட அந்தப் படி ஏறி இறங்கறேன். கல்யாணமாகி வந்த புதுசுலேர்ந்து இன்னொரு பக்கத்துக்கும் கைப்பிடி கேட்டுக்கிட்டிருக்கேன். ஆலோசிக்கிறோம்னாங்க. இன்னும் ஆலோசிக்கிறாங்க."

"அந்த மஞ்சப் பலகையைக் கொஞ்சம் தர்றீங்களா?"

தோமி பலகையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "நான் தரமாட்டேன். எனக்கு இப்ப ஓய்வு நேரம், அரை மணி. பலகை பாட்டுக்கு இங்க இருக்கும்." துடைப்பத்தைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

'துப்புரவுப் பணி நடைபெறுகிறது. நிலவறைக் கழிவறையைப் பயன்படுத்துமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.' கொஸுவே அதை ஆண்கள் கழிவறைக் கதவின் நட்டநடுவில் நிறுத்தினாள். அறைக்குள் போய், தலை குனிவதற்குப் பதில் எல்லாருடைய குவளையிலும் தேநீரை விளிம்புவரை ஊற்றினாள்.

முதலில் எழுந்தவர் குரோஇவா. போனவர் கதவருகே கொஞ்ச நேரம் நின்றார், பலகையைப் படித்தார், பிறகு படிப்பக்கம் திரும்பினார். அவருடையது பந்தய பூட்ஸ். கழற்ற வேண்டுமானால் ஒருவர் இடுப்பைப் பிடிக்க இன்னொருவர் காலை இழுக்க வேண்டும். டொக், டொக், டொக் என்று சத்தம் இறங்கியது. நின்றது. மறுபடி இறங்கியது.

அவர் போய்ப் பத்து நிமிடம் ஆனதும் இசோபே எழுந்தார். படிகளின் தலைமாட்டில் நின்று ஒரு தடவை கீழே எட்டிப் பார்த்தார். ஆறு படி இறங்கினார். ஆறு படியும் திரும்ப ஏறினார். பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

சற்றைக்கெல்லாம் மலை முழுக்க ஒலிபெருக்கி கணீரென்றது. லிஃப்ட் பெண்ணின் குரல், தேன் குழைத்தது போல. "எங்கள் மலைக்கு வருகை தந்தமைக்கு மனமார்ந்த நன்றி. உணவுக்கூடத்துக்குப் பின்புறம், மூன்றாம் எண் கம்பத்தருகே நின்றுகொண்டிருக்கும் நீலச் சட்டை அணிந்த மதிப்புக்குரிய விருந்தினருக்கு ஒரு பணிவான வேண்டுகோள். அவ்விடம் சிறுவர் சறுக்கும் பாதை என்பதை மிகுந்த தயக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

நீலச் சட்டை உள்ளே வந்தபோது முகம் பீட்ரூட்டாக இருந்தது.

"அங்க பனியின் தரம் எப்படி, இசோபே-சான்?" என்றாள் கொஸுவே. "பறக்குதா?"

ஹமுரா வாயிலிருந்த தேநீரை மேசைமேலேயே துப்பிவிட்டார்.

குரோஇவா வருவதற்கு மேலும் ஐந்து நிமிடம் பிடித்தது. ஒரு கை சுவரில், மற்றொரு கை முழங்காலில். இரண்டு முழங்காலிலும் அறுவைச் சிகிச்சை ஆனவர். பின்பக்கம் முழுக்க ஈரம். எந்தப் படியில் உட்கார்ந்தார் என்று யாரும் கேட்கவில்லை. மெதுவாக உட்கார்ந்து, ஷிராஹானேயின் தாளை இழுத்து, உபசரிப்புக்கு நேரே இருந்த நாலை அடித்து, ஒன்று என்று எழுதினார். முத்திரை குத்தினார்.

"சென்செய்... ஒண்ணா?" உசுய் பாதி எழுந்துவிட்டார்.

"பூஜ்யத்துக்குக் கட்டம் இல்லையே." கிழவர் கொஸுவே பக்கம் திரும்பினார். "மேல வர்றப்ப மூணு பொம்பளைங்க எனக்கு வழிவிட்டுச் சுவரோட ஒட்டி நின்னாங்க. ஒருத்தி கையில குழந்தை. மத்த மலைங்கள்ல எத்தனை படி? எண்ணியிருக்கியா?"

"பன்னெண்டு மலையிலயும் எண்ணியிருக்கேன். பதினெட்டு, ஒம்பது, இருபத்திரெண்டு... படியே இல்லாதது ஒண்ணுதான். நெசுமிதைரா."

"அந்த எலிமேடா?" பெயருக்கு அதுதான் அர்த்தம். இசோபே தன்னை மறந்து கத்தினார். "ரெண்டே ரெண்டு லிஃப்ட்தான் அங்க!"

"லிஃப்ட்லேர்ந்து இறங்கினா நேரா கதவு. உள்ள ஒம்பது அறை. பூட்ஸோட உக்கார்ந்தா முட்டி இடிக்காது. ஈரக் கையுறையைக் காயப்போடக் கம்பி இருக்கு. அட்டைகள்ல திட்டு வாங்காத ஒரே மலை."

குரோஇவா எல்லாத் தாள்களையும் வாங்கி மறுபடி மதிப்பெண் போட்டார். சென்செய் போட்டாரென்றால் மற்றவர்களும் போட வேண்டியதுதான். அப்படியே போட்டார்கள். முத்திரைகள் டப்டப்பென்று விழுந்தன. கொஸுவே நாலு வருடத்தில் முதல் தடவையாக நிஜமாகவே கூட்டல் போட்டாள். நெசுமிதைரா ஒன்று. ஷிராஹானே பன்னிரண்டு.

உசுய் அவளை மறுபடி நடைவழிக்கு இழுத்தார். மஞ்சள் பலகை அங்கேயே நின்றது.

"அவங்க அறையில உக்கார்ந்து, அவங்க பியரைக் குடிச்சு, அவங்களைக் கடைசியில போடறோம். இதை வெச்சது யாரு?"

"நான்தான்."

"உள்ள போய்ச் சொல்லு. பலகையும் விளையாட்டு, படிக் கணக்கும் விளையாட்டு, மன்னிச்சுக்கோங்கன்னு. சென்செய் பழைய தாளுக்கே திரும்பிடுவார். இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. உன் காகிதமும் அப்படியே இருக்கு."

கொஸுவேக்கு அப்பா நினைவுக்கு வந்தார். நிரந்தரம் என்ற சொல்லைத் தொலைபேசியில் அவர் எத்தனை முறை திருப்பித் திருப்பிக் கேட்பார் என்றுகூடத் தெரியும். அவள் உள்ளே போனாள். இடுப்பை மடித்து, நெற்றி மேசை மட்டத்துக்கு வரும்வரை குனிந்தாள்.

"பலகையை வெச்சது நான். சென்செய் முட்டிக்கு வலி குடுத்ததுக்கு மன்னிச்சுக்கோங்க." நிமிர்ந்தாள். "படிக் கணக்கு சரியான கணக்கு. அதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

குரோஇவா முழங்காலைத் தடவிக்கொண்டார். கோபம்தான், அதில் சந்தேகமில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பைக்குள் செருகினார். தாளைத் திரும்பத் தொடவில்லை.

மூன்றுக்குப் பத்து நிமிடம். புதிதாகச் சண்டை போட நேரமில்லை. உசுய் மடிக்கணினியை அவள் பக்கம் தள்ளினார். "முதலிடத்துக்கு ரெண்டு வரி எழுது. கீழ உன் பேரையே போடு. போன் வந்தா நீ பேசு."

"என் காகிதம்?"

"ஏப்ரல்ல பாக்கலாம்."

"பாக்கலாம்னா இல்லைன்னுதானே? இல்லைன்னே சொல்லுங்க, உசுய்-சான்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இல்ல," என்றார்.

"சரி," என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். ஹமுரா நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தி, ரகசியம் போலக் கேட்டார்:

"அந்த எலிமேட்டுல கறிச்சோறு எப்படி?"

"வாயில வைக்க முடியாது."

"அதையும் போடு," என்றார் அவர்.

போட்டாள்.